மேஸ்திரியின் இரண்டு கைகள்

அஞ்சலாட்சியின் கழுத்தில் அந்தச் சிவந்த கோடு விழுந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். அடைமழை விட்டு வெயில் லேசாகத் தலைகாட்டிய காலை. காதுக்குக் கீழிருந்து தோள்வரை யாரோ காய்ச்சிய கம்பியால் இழுத்துவிட்டதுபோல இருந்தது. மறுநாள் கோட்டின் மேல் வரிசையாக நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. அதற்கடுத்த நாள் இடது கண்ணின் இமையும் வீங்கி மூடிக்கொண்டது.

"அக்கிதான். சந்தேகமே இல்ல," என்றார்கள் தெருவில்.

உழவர்கரையில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குத்தான் போவார்கள். குயவர் மண்ணாங்கட்டி காவியைக் குழைத்து, கோழியிறகால் தொட்டு, அவள் கழுத்திலும் கன்னத்திலும் பொறுமையாகச் சிங்கம் எழுதினார். சாயங்காலத்துக்குள் சிங்கம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. எரிச்சல் போகவில்லை.

அஞ்சலாட்சி வேலை செய்தது ஊருக்கு வெளியே வயலை ஒட்டி இருந்த ஒரு நூல் ஆலையில். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் பெண்கள்தான் அதிகம். அந்த வாரத்திலேயே அவளோடு நின்று வேலை செய்த இன்னும் மூன்று பெண்களுக்கு அதே மாதிரி வந்தது. ஆலை டாக்டர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். ஒட்டுவாரொட்டி என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி அரிகிருஷ்ணன் கேட்டருகே நின்று, "குணமாவுற வரைக்கும் யாரும் உள்ள வராதீங்கம்மா," என்று சொல்லி அனுப்பினார். இயந்திரச் சத்தத்தில் முப்பது வருஷம் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. மெதுவாகச் சொல்ல நினைத்ததும் தெருவெல்லாம் கேட்டது.

அதற்குப் பிறகு அஞ்சலாட்சி குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவள் கணவர் கலியபெருமாள் அரியாங்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரிடமும் ஆட்கள் மீதிக் காசைக் கையில் வாங்கத் தயங்க ஆரம்பித்தார்கள், பெஞ்சு மேல் வை என்று.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் பார்வதி. அஞ்சலாட்சி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். படிப்பில் கெட்டி என்று உதவித்தொகை கொடுத்துக் கப்பலேற்றினார்கள். பிரான்சில் இரண்டு வருஷம் இயற்கை விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தாள். அவள் ஆசைப்பட்டது பூச்சிகளை ஆராய. கிடைத்தது டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருஷமும் அவள் செம்பருத்திப் பூவை அறுத்து மகரந்தத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். தனியாக வந்த பெண்ணுக்கு வாடகைக்கு இடம் தர ஊரே யோசித்தபோது, "வந்து இருங்க, வூடு சும்மாதான கெடக்குது," என்று கதவைத் திறந்துவிட்டவள் அஞ்சலாட்சி. அதைப் பார்வதி மறக்கவில்லை.

ஒரு நாள் விளக்கு வைத்த நேரம். பார்வதி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த ஒரு பூச்சி தாளின் மேல் விழுந்து ஓடியது. முதலில் எறும்பு என்றுதான் நினைத்தாள். எறும்புக்கு ஏது இத்தனை நிறம்? தலை கறுப்பு, கழுத்து செம்மஞ்சள். முதுகில் பாதிவரை மட்டும் சட்டை போட்டதுபோல, நீலம் மின்னும் குட்டையான சிறகுறை. அதற்குக் கீழே மூடாமல் விட்ட நீண்ட வயிறு, நுனியில் மறுபடி கறுப்பு. பேனா முனையால் தொட்டதும் தேள் மாதிரி வாலை மேலே தூக்கிக்கொண்டது.

பார்வதி தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். குட்டைச் சிறகு வண்டு. அந்தக் குடும்பத்தை அவள் படித்திருக்கிறாள். இதே நிறத்தில் ஆப்பிரிக்காவில் ஒன்று உண்டு, கடிக்காது, கொட்டாது, ஆனால் தோலின் மேல் வைத்து நசுக்கிவிடாதீர்கள் என்று அவளுடைய பேராசிரியர் ஒரு வகுப்பில் சொல்லியிருந்தார். ஏன் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: உடம்புக்குள் இருக்கும் நீர் பட்டால் தோல் வெந்துவிடும்.

கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பூச்சியை மூடிவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

"அக்கா, மில்லுல வேலை செய்றப்போ கழுத்துல பூச்சி விழுந்தா என்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? பட்டுனு ஒரு தட்டு தட்டித் தேச்சி எறிவேன். கை ரெண்டும் நூல்ல இருக்குது. நின்னு பாத்துக்கினா இருக்க முடியும்?"

"இந்த வருஷம் பூச்சி அதிகமா?"

"அதிகமாவா? புதுசா குழல் லைட்டு போட்டாங்க பாருங்க, அன்னிலேர்ந்து மழையாட்டம் கொட்டுது."

பார்வதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கட்டிய நெல்வயல். இந்தப் பக்கம் வெள்ளை வெளிச்சம். நடுவில் கழுத்தைத் தட்டும் கைகள்.

மறுநாளே ஆலைக்குப் போனாள். டாக்டர் அறையில் மேஸ்திரியும் இருந்தார். பாட்டிலில் கொண்டுபோன வண்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான் படிச்ச புத்தகத்துல இப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

மேஸ்திரி பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இதுவா? இந்த எறும்பாட்டம் இருக்கறதா?" என்று சிரித்துவிட்டார்.

பார்வதிக்குக் கோபம் வந்தது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டை இடது முழங்கைக்குக் கீழே விட்டு, கட்டைவிரலால் அழுத்தி ஒரு இழு இழுத்தாள். "ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், பாருங்க," என்று எழுந்து வந்துவிட்டாள். மேஸ்திரியின் சிரிப்பு நின்றுபோனது.

கொப்புளம் சொன்னபடியே வந்தது. ஆனால் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. கையைக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவது சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கம். இரண்டாம் நாள் காலை விழித்தபோது வலது கண் திறக்கவில்லை. கன்னம் வரை வீங்கி, கண்ணுக்குள் மிளகாய்ப்பொடி தூவியதுபோல எரிந்தது.

அந்தக் கோலத்தோடுதான் டாக்டரிடம் போனாள். அவர் தள்ளி நின்றே பார்த்தார்.

"நீங்க எந்த வீட்டுல இருக்கீங்க?"

சொன்னாள்.

"அந்த அம்மாவுக்கு வந்து, அதே வீட்டுல இருக்குற உங்களுக்கும் வந்திருக்கு. பூச்சியாலன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கண்ணால் பாதை சரியாகத் தெரியவில்லை. டாக்டர் கேட்டது நியாயமான கேள்விதான் என்பது அவளை இன்னும் வாட்டியது. அவளே வேறொருவர் பரிசோதனையைப் பார்த்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள்.

"டீச்சருக்கும் ஒட்டிக்கிச்சு பாத்தியா?" என்று தெரு முழுக்கப் பேச்சு. பள்ளித் தலைமையாசிரியை ஆள் அனுப்பி, உடம்பு தேறும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருக்கிற இடம், அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த வாரத்தில் ஆலையிலிருந்து மேலும் ஐந்து பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களும் அஞ்சலாட்சியிடமிருந்துதான் தங்களுக்கு வந்தது என்று வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அஞ்சலாட்சி அடுக்களைக்குள் போனாள். தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நனைத்து, பார்வதியின் கண்ணை மணிக்கொரு தரம் துடைத்தாள். சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். பார்வதி அழுதுவிட்டாள்.

"அழாத. கண்ணுக்கு ஆவாது."

"நான் அவசரப்பட்டுட்டேங்க்கா. உங்களுக்கு நல்லது பண்றேன்னு போயி, இன்னும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

"எனக்கு ஏற்கெனவே இருந்த பேருதான. நீ எதுக்குக் கையச் சுட்டுக்கின? எங்க அம்மா கூட எனக்கு அப்படிப் பண்ணியிருக்காது." அதுவரை 'டீச்சர்' என்று கூப்பிட்டு வந்தவள் எப்போது 'நீ'க்கு வந்தாள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. "அஞ்சலைக்கு ஒரு கண்ணு, பார்வதிக்கு ஒரு கண்ணு. ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு இருக்குதுல்ல. சோத்தத் துன்னு."

பார்வதி அழுகையோடு சிரித்தாள். சிரித்தால் கண் வலித்தது.

மூன்று நான்கு நாள் கழித்து, மத்தியானம், வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மேஸ்திரி அரிகிருஷ்ணன். கலியபெருமாள் எழுந்து, "உள்ள வாங்க," என்றார்.

"உள்ள வரமாட்டேன்," என்றார் மேஸ்திரி, தெருவிலேயே நின்று. அவர் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வந்தேன்னா அப்புறம் எனக்கும் இங்கேர்ந்துதான் ஒட்டிக்கிச்சும்பாங்க. டீச்சரம்மா எங்க?"

பார்வதி கண்ணில் ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, அந்தப் பூச்சி இன்னும் இருக்குதா உங்ககிட்ட?"

"இருக்குது. விளக்குக்குத் தினமும் வர்றதப் பிடிச்சு வெச்சிருக்கேன். எதுக்கு?"

"எனக்குத் தேய்க்கணும்."

பார்வதி கண்ணிலிருந்த ஈரத்துணியை எடுத்தாள்.

"நீங்க கையில தேச்சிக்கினப்போ நான் பக்கத்துல நின்னேன். சிரிச்சேன். ஒரு பொம்பள பொய் சொல்றதுக்காகத் தன் கையத் தானே சுட்டுக்குவாளான்னு வூட்டுக்குப் போயி யோசிச்சேன். ஒம்போது பேர வெளிய அனுப்பியிருக்கேன் அம்மா. எல்லாம் நான் வேலைக்குச் சேத்துவுட்ட பொண்ணுங்க. அவங்க முகத்தப் பாத்து 'போ'ன்னு சொன்னது என் வாயி. எனக்கு இந்த வூட்டோட போக்குவரத்து இல்ல. அவங்க தொட்டதத் தொடல. என் ஒடம்புல வந்துச்சுன்னா டாக்டர் இன்னா சொல்லுவாரு?"

பார்வதியின் மனம் அந்த நிமிஷமே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "ஒரு கை போதாது மேஸ்திரி. ரெண்டு கையும் வேணும்," என்றாள்.

"எடுத்துக்குங்க."

அன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை கேட்டருகே கூட்டம் கூடிவிட்டது. உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள், டாக்டர், தள்ளி மரத்தடியில் அஞ்சலாட்சியும் மற்ற எட்டுப் பெண்களும். மேஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பார்வதி முதலில் அவருடைய இடது கையில் ஒரு வண்டை விட்டாள். அது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடியது, திரும்பி வந்தது, வாலைத் தூக்கியது. அவள் குனிந்து வாயால் ஊதினாள். பறந்து போய்விட்டது. "இந்தக் கையில பூச்சி நடந்திருக்கு. நசுக்கல," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு வலது கையில் இன்னொன்றை விட்டு, ஒரு குச்சியால் நசுக்கித் தேய்த்தாள். பெண்கள் "அய்யோ" என்றார்கள். மேஸ்திரி, "எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல," என்றார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. காவல்காரர் அறையிலேயே பாய் போட்டுக்கொண்டார், அங்கே தொட்டார் இங்கே தொட்டார் என்ற பேச்சே வரக்கூடாது என்று. அவர் மனைவி செல்வாம்பாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்று திட்டித் தீர்த்தாள். "இந்த வயசுல பூச்சிய வுட்டுத் தேச்சிக்கினு உக்காந்திருக்குதே மனுசன்! அந்த டீச்சரு சொன்னா கெணத்துல குதிச்சிடுவீங்களா?" திட்டி முடித்துவிட்டு, கையை நீட்டச் சொல்லி எட்ட நின்று பார்த்தாள். சிவந்து வருகிறதா என்று மறுநாளும் வந்து பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் சிவந்திருந்தது.

அதற்கடுத்த காலையில் டாக்டர் முன்னால் அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். இடது கை எப்போதும்போல இருந்தது. வலது கையில், குச்சி போன வழியெல்லாம், முத்து முத்தாக நீர்க்கொப்புளங்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு பார்வதியின் பக்கம் திரும்பி, "மெர்சி, மத்மசேல்," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "நான் தப்பா சொல்லிட்டேன். இத இன்னிக்கே எழுதிக் குடுத்துடுறேன்." தப்பு என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னதற்காக அவள் அவருக்குக் கடைசிவரை மரியாதை வைத்திருந்தாள்.

வயல் பக்கத்து ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தார்கள். பூச்சி விழுந்தால் தட்டாதே, ஊது, பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு என்று மேஸ்திரி ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கத்தினார். அஞ்சலாட்சி வேலைக்குத் திரும்பிய அன்று, அவளைப் பழி சொன்ன பெண்கள் இரண்டு பேர் வழியில் காத்திருந்து அவளோடு சேர்ந்து நடந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஒருத்தி தன் தூக்கிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். அஞ்சலாட்சி சாப்பிட்டாள்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். பார்வதிக்குத்தான் ஒரு விஷயம் மனதை அரித்தது. அவளிடம் இருந்த பழைய புத்தகத்தில் ஆசியாவைச் சேர்ந்த இந்த வகை வண்டுகளின் விவரம் இருந்தது. எதோடும் இது சரியாகப் பொருந்தவில்லை. கழுத்துப் பகுதி மற்றவற்றைவிட நீளம். சிறகுறையில் இருந்த புள்ளிகள் அடர்த்தி. கண் தெளிந்ததும் சில வண்டுகளைச் சாராயத்தில் போட்டு, பஞ்சு சுற்றி, பாரிஸில் இந்தக் குடும்பத்துக்கென்றே வாழ்நாளைக் கொடுத்திருந்த ஒரு நிபுணருக்கு அனுப்பினாள். பதிலை எதிர்பார்க்கவில்லை.

மாசி மாதம் பதில் வந்தது. நீங்கள் அனுப்பியது இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று நினைக்கிறேன், ஆண் வண்டுகள் இன்னும் சில வேண்டும், அவற்றின் இனப்பெருக்க உறுப்பை வரைந்து பார்த்தால் உறுதியாகும் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: இதைக் கண்டவர் நீங்கள், விவரிக்க வேண்டியவரும் நீங்களே.

பார்வதி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முகம் தெரியாத மனிதர். அவர் நினைத்திருந்தால் தானே எழுதித் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. இத்தனை வருஷமாக அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஆசையை அவர் ஒரு தபாலில் மடித்து அனுப்பியிருந்தார். கடற்கரைப் பக்கம் நடந்து போய், அலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஆனால் மாசியில் வண்டு ஏது? அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மழை வந்தது. பார்வதி கேட்பதற்கு முன்னாலேயே ரீலிங் பெண்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். காகிதத்தைப் பொட்டலம்போல் சுருட்டி, கம்பிவலையில் வந்து ஒட்டும் வண்டுகளை ஊதி ஊதி அதற்குள் தள்ளி, பாட்டிலில் கவிழ்த்தார்கள். ஒருத்திக்கும் ஒரு கொப்புளமும் வரவில்லை. டீச்சருக்கென்று பாட்டில்கள் அஞ்சலாட்சியின் கூடையில் தினமும் வீட்டுக்கு வந்தன. மருந்து பாட்டில், எண்ணெய் பாட்டில், ஒரு முறை அத்தர் பாட்டில். அதிலிருந்த வண்டுகள் மட்டும் மணத்துக்கொண்டிருந்தன.

நல்ல நுண்ணோக்கி ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் கல்லூரியில் பயன்படுத்திக்கொள்ள விட்டார்கள். ஒரு ஞாயிறு அஞ்சலாட்சியும் துணைக்கு வந்தாள்.

"என்னாத்தத்தான் அவ்ளோ நேரமா பாக்கற?"

பார்வதி தயங்கினாள். பிறகு சொன்னாள். "ஆம்பள வண்டோட... அதைத்தாங்க்கா. ஒவ்வொரு இனத்துக்கும் அது வேற வேற மாதிரி இருக்கும். பூட்டும் சாவியும் மாதிரி."

அஞ்சலாட்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அதப் பாத்துத்தான் இன்னா சாதின்னு கண்டுபுடிப்பீங்களா?"

"ஆமாம்."

"ரெண்டு வருசம் சீமைக்குப் போயி நீ படிச்சுட்டு வந்தது இதத்தானா?"

அந்த அமைதியான கட்டடத்தில் இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படம் வரைவது எளிதாக இல்லை. வலது கண்ணில் இன்னும் நீர் வடியும். இடது கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டாள். கோடு கோணலானால் அழித்துவிட்டு மறுபடி. விவரணையைப் பிரெஞ்சில் எழுதினாள்: தலை கறுப்பு, பளபளப்பானது, கண்களுக்குப் பின்னால் சற்றே ஒடுங்கியது. உணர்கொம்பின் முதல் கணுக்கள் மஞ்சள், மற்றவை பழுப்பு. முன்மார்பு அகலத்தைவிட நீளம் கூடியது, செம்மஞ்சள். சிறகுறை நீலம், புள்ளிகள் ஆழமானவை, நெருக்கமானவை. இருப்பிடம், புதுச்சேரி, உழவர்கரை, நெல்வயல், விளக்கொளிக்கு வரும். உணவு, நெற்பயிரின் தத்துப்பூச்சிகள். இந்தக் கடைசி வரிக்காக அவள் பாகூருக்குப் போய் அப்பாவின் வயலில் வரப்பில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் அப்பா வடிவேல், "நம்ம பயிரக் காப்பாத்துற பூச்சியா இது? இத்தன நாளா மிதிச்சுக்கினு போயிட்டேனே," என்று காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அதன் கீழே இன்னொன்றும் எழுதினாள். இது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, நசுக்கப்பட்டால் மட்டுமே தீங்கு.

எல்லாம் முடிந்தது. பெயர்தான் பாக்கி. பேரினத்தின் பெயர் பேடெரஸ், அது முன்பே இருப்பது. இரண்டாவது பெயரை அவள் வைக்க வேண்டும்.

"உங்க பேரை வெக்கப்போறேங்க்கா."

அஞ்சலாட்சி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தாள்.

"எனக்கு வேணாம் பார்வதி."

"ஏங்க்கா? பூச்சிக்கு வெக்கறதாலயா?"

"சேச்சே, அதுக்கில்ல. நீ எனக்காகப் பண்ண. நாம ஒரே வூட்டுல இருக்கறவங்க, ஒனக்கு நான் கண்ணத் தொடச்சேன், அது சரியாப்போச்சு. அந்த மனுசனுக்கு இன்னா தலையெழுத்து? தெருவுல வந்து நின்னு ரெண்டு கையையும் குடுத்தாரு. அதுக்கு நான் இதுவரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. நீ எழுதற எடத்துல சொல்லிடேன்."

பார்வதி கையிலிருந்த பேனாவை மூடினாள். அவளும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேஸ்திரியின் பெயரைச் சரியாக எழுத வேண்டுமே என்று கலியபெருமாளை விட்டு விசாரித்தாள். மேரியில், அதாவது பிரெஞ்சுக்கால நகராட்சி அலுவலகத்தில், பிறப்பைப் பதிந்த குமாஸ்தா அந்தக் காலத்தில் பிரெஞ்சு வாய்க்குத் தோதாக 'அரிகிச்செனான்' என்று எழுதிவிட்டாராம். அதுவே அவருக்குச் சர்க்காரில் பெயர். அதோடு லத்தீன் விகுதியைச் சேர்த்தாள். பேடெரஸ் அரிகிச்செனானி.

கட்டுரை பாரிஸில் அச்சாகித் தனிப்பிரதிகள் கப்பலில் வந்து சேர மறுவருஷம் ஆகிவிட்டது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பார்வதி ஆலைக்குப் போனாள். மேஸ்திரி கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை.

"எம் பேரா? என்னாத்துக்கு?"

"இங்க பாருங்க." அவள் பக்கத்தைப் பிரித்து, பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். "'இந்த இனத்துக்கு உழவர்கரையைச் சேர்ந்த திரு. அரிகிச்செனான் அவர்களின் பெயரை நன்றியுடன் சூட்டுகிறேன். யாரும் கேட்காமலேயே தம் இரண்டு கைகளையும் இந்த ஆய்வுக்குத் தந்தவர். ஒன்பது பெண்கள் அவரால் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.'"

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தை வாங்கினார். "எம் பேரு எங்க இருக்குது, காட்டுங்க." அவள் காட்டினாள். சாய்வெழுத்தில் இருந்த அந்த வார்த்தையின் கீழே விரலை வைத்தார். அந்த விரலுக்கு மேலே மணிக்கட்டில் பழைய தழும்பு மங்கலாகத் தெரிந்தது.

"இது ஒரு பூச்சிக்கா, எல்லாத்துக்குமா?"

"இந்த இனத்துல எத்தன இருக்குதோ அத்தனைக்கும். இனிமே பொறக்கறதுக்கும்."

அவர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பயிர் பச்சையாக நின்றது. அவர் பேசியபோது, அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவான குரல் வரும் என்று பார்வதி நினைத்ததே இல்லை.

"எங்களுக்குக் கொழந்த இல்ல டீச்சரம்மா. பேரு சொல்ல ஒண்ணு இல்லியேன்னு செல்வாம்பா அப்பப்ப அழுவா. இப்ப போயி சொல்றேன். வயலு பூரா இருக்குதுடின்னு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பார்வதி சொல்ல நினைத்து வந்ததைச் சொன்னாள். "அஞ்சலக்காவும் நானும் உங்களுக்கு நேர்ல ஒண்ணுமே சொல்லல மேஸ்திரி. ரொம்ப நன்றி."

"அதான் புத்தகத்துலயே போட்டுட்டீங்களே," என்றார் அவர்.

ஆலைச் சங்கு ஊதியது. அவர் பிரதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பார்வதி கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே, அத்தனை இயந்திரச் சத்தத்துக்கும் மேலே, "அஞ்சல! ஏ அஞ்சல! இங்க வா, இதப் பாரு!" என்று அவர் கத்துவது வெளியே வரை கேட்டது.